லயத்தடி, பதினோராம் நம்பர், ரோட்டோர மலை: 64 வீட்டை எங்கே கட்டுவது?

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப் பிரிவுக்கு 64 தனி வீடுகள் கட்டும் பேச்சு நடக்கிறது. வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழைக்கு எங்கள் சனம் மூன்று இரவுகள் பாடசாலையில் படுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு, மழைச் சத்தம் கேட்டாலே லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், யாருக்கும் தூக்கம் வருவதில்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல்.

மூன்று இடம் பேச்சில் இருக்கிறது. ஒன்று, இப்போது லயம் இருக்கிற இடமே. இரண்டு, மேலே கைவிடப்பட்டுக் கிடக்கும் பதினோராம் நம்பர் மலை. மூன்று, பஸ் ரோட்டை ஒட்டிய தேயிலை மலை. "கட்டட வேலை படித்தவன் நீதான், மூன்றையும் பார்த்து எழுதிக் கொடு" என்று தலைவர் சொன்னார். மூன்று வாரம் ஏறி இறங்கிப் பார்த்தேன். முடிவு இன்னும் ஆகாததால் தோட்டத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் பதுளை, நுவரெலியா, கண்டி என்று எத்தனையோ தோட்டங்களில் இன்று இதே பேச்சு நடக்கிறது. அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்பது சில வருடங்களாகப் பழகிப்போன அளவு. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி என்றால் ஏழுக்கு 1,900 சதுர அடி சொச்சம் வரும். 64 குடும்பத்துக்கு 448 பேர்ச்சஸ், அதாவது 2.8 ஏக்கர். உள்ளே போகிற ரோடு, கான் (மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்), பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), தண்ணீர்த் தாங்கி இவற்றையும் சேர்த்தால் நான்கு ஏக்கருக்குக் குறைந்த இடத்தைப் பற்றிப் பேசவே கூடாது. 10 பேர்ச்சஸ் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாலு கோழி, ஒரு பாத்தி லீக்ஸ், ஒரு மாட்டுக் கொட்டில் என்று வாழ்கிற சனத்துக்கு அந்தக் கேள்வி நியாயமானது. அப்படியானால் ஐந்தரை ஏக்கர் வேண்டும்.

லயத்தடியை எடுத்துக்கொள்வோம். வயதானவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கோயில் பக்கத்தில், தண்ணீர்ப் பீலி பக்கத்தில், செத்தவர்களைப் புதைத்த மண் கண்ணுக்கு எட்டிய தூரத்தில். எனக்கும் அந்த இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. ஆனால் இந்த இடத்தை நம் ஆட்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விடியக் காலையில் தப்பு மேளம் அடித்தால் எல்லாக் காம்பராவுக்கும் (அறைக்கும்) கேட்க வேண்டும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குச் சுருக்காக வந்து நிற்க வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார் பிடித்த இடம் இது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை வரிசையாக வைக்க ஒரு நீளத் துண்டு போதும் என்பதால் மலையைக் குடைந்து அந்தத் துண்டை எடுத்தார்கள்.

அளந்து பார்த்தேன். நான்கு லயமும், முன்னால் இருக்கிற முற்றமும், பின்னால் இருக்கிற தோட்டத் துண்டுகளும் சேர்ந்து ஒன்றரை ஏக்கர் தேறும். ரோட்டுக்கும் கானுக்கும் போக, 7 பேர்ச்சஸ் கணக்கில் 24 வீட்டுக்கு மேல் வராது. மீதி 40 குடும்பம் எங்கே போகும்? மாடி வீடாகக் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. லயத்தை நிமிர்த்தி வைப்பதற்கு இத்தனை பாடு வேண்டாம் என்பது என் எண்ணம். காணித் துண்டு தனக்கென்று இருந்து, அதற்கு உறுதிப் பத்திரம் கையில் இருந்தால்தான் அது வீடு. மாடியில் அது கிடைக்காது.

இடப் பற்றாக்குறையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசி லயத்துக்குப் பின்னால் இருபதடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண் சுவர் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு வெடிப்பு. நவம்பரில் விரல் நுழையாது, மார்ச்சில் என் உள்ளங்கை போனது. அந்தச் சுவருக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிறது. லயத்தடியில் எதைக் கட்டினாலும் இந்தப் பக்கத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

அப்புறம் பதினோராம் நம்பர். இளைஞர்கள் இதன் பக்கம். தோட்டத்தை நடத்துகிற கம்பனியும் இதைத்தான் தருகிறேன் என்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். செங்குத்தான மலைக்கு நடுவில், தாம்பாளத்தைச் சாய்த்து வைத்த மாதிரி ஏழெட்டு ஏக்கர் சமதரை. நமுனுகுல மலை எதிரே நிற்கிறது. இருபது வருடமாகக் கொழுந்து எடுக்காததால் தேயிலை மரமாக வளர்ந்து, இடையில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. ஆளுக்கு 10 பேர்ச்சஸ் என்ன, 15கூடக் கொடுக்கலாம்.

இந்த இடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மலையில் இப்படி ஒரு சமதரை சும்மா இருக்காது. ஒரு காலத்தில் மேலே இருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் தங்கி நின்ற இடம் பல நேரம் இப்படித்தான் தட்டையாக இருக்கும். சரிந்து நூறு வருடமோ ஆயிரம் வருடமோ ஆகியிருக்கலாம். புல் முளைத்து, மரம் வளர்ந்து, அதன் மேல் தேயிலையும் நட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் அது இறுகிய மலை மண் கிடையாது. தண்ணீர் இறங்கினால் மறுபடியும் நகரத் தயாராக இருக்கிற மண்.

சந்தேகம் வந்ததும் தேடிப் பார்த்தேன். ரோட்டுக்காக வெட்டிய ஓரத்தில், யானைத் தலை அளவு கல்லும் எலுமிச்சங்காய் அளவு கல்லும் ஒழுங்கில்லாமல் மண்ணோடு கலந்து கிடந்தன. இருந்த இடத்திலேயே உக்கிய பாறை என்றால் அடுக்கு தெரியும்; இதில் அடுக்கே இல்லை. சுற்றிலும் மார்ச் வெயிலில் புல் காய்ந்து கிடக்க, கீழ் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் பச்சைக் கோரை முளைத்துக் கால் புதைந்தது. கருப்பன்தைல (யூகலிப்டஸ்) மரங்கள் அடியில் வளைந்து பிறகு நேராக எழும்பியிருந்தன. அடித்தண்டு சாயச் சாய, உச்சி மேல்நோக்கி நிமிர்ந்தால் மரம் அப்படித்தான் வளரும்.

இதையெல்லாம் விட என்னை நிறுத்தி வைத்தது ஒரு பழைய கான். அந்தக் காலத்துக் கங்காணிமார் மட்டம் பார்த்து வெட்டிய கான் என்றால் நூல் பிடித்த மாதிரி மலையைச் சுற்றிப் போகும். பதினோராம் நம்பரின் மேல் ஓரத்தில் அந்தக் கான் ஓரிடத்தில் அறுந்து, மறு பாதி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. இருபது வருடமாக மண்வெட்டி படாத கானை யார் இறக்கி வெட்டியிருக்கப் போகிறார்கள்? மலைதான் இறங்கியிருக்கிறது. நான் மண்ணியல் படித்தவன் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் மலைநாட்டில் எந்த இடத்திலும் அத்திவாரம் போடக் கூடாது. அவர்கள் வந்தால் முதலில் இந்தக் கானைக் காட்டுங்கள்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, சனத்தை எழுப்புங்கள் என்று அதற்கு முன்பே, 2005இலும் 2011இலும், எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தும், போவதற்கு வேறு இடம் இல்லாத சனத்துக்கு நடந்தது அது. நாமே கையால் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்படி ஓரிடத்துக்கு ஏறிப் போகலாமா?

சரி, மண் நல்ல மண்தான் என்று அறிக்கை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பதினோராம் நம்பரில் தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது. லயத்துக்குத் தண்ணீர் வருகிற ஊற்று, பதினோராம் நம்பருக்கு நேர் கீழே இருக்கிறது. ஊற்றுக்கு மேலே 64 வீடு, அதாவது 64 மலசலகூடக் குழி. அந்தக் குழிகளில் இறங்குகிறது அத்தனையும் மண்ணுக்குள் சுற்றி எங்கே வரும்? மேலே குடியேறியவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. கீழே தங்கிவிடுகிறவர்களுக்குக் கிடைக்கிற தண்ணீரும் கெட்டுப்போகும். அதோடு, குழிகளிலிருந்தும் குளிக்கிற இடங்களிலிருந்தும் தினம் தினம் தண்ணீரை மலைக்குள் இறக்கிக்கொண்டே இருப்பது, அசைகிற மண்ணுக்கு எண்ணெய் விடுகிற வேலை.

தூரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் ரோட்டிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர், கடைசிப் பகுதி ஆட்டோ ஏறாத ஏற்றம். பிரசவ வலி வந்தவளை இறக்குவதற்குக் கம்பளியும் இரண்டு கம்பும் தேடுகிற பழைய காலம் திரும்பி வரும்.

இனி ரோட்டோர மலை. இதைத்தான் நான் சொல்கிறேன், ஆனால் இதற்கும் குறை உண்டு. குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அது காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்கிற மாதிரி. ரோட்டோர மலையில் இருப்பது நல்ல வீ.பி. தேயிலை (துண்டு வெட்டி நட்டு வளர்த்த ரகம்), வாரத்துக்கு வாரம் கொழுந்து தருகிறது. கம்பனி தர மறுக்கிறது, காரணமும் புரிகிறது. தரிசை விட்டுக்கொடுப்பது யாருக்கும் எளிது, அதனால்தான் மலையகத்தில் வீட்டுக்கென்று ஒதுக்கப்படுகிற இடம் அடிக்கடி செங்குத்தாகவோ, கல்லாகவோ, சதுப்பாகவோ வந்து முடிகிறது. ஆனால் காணி கம்பனியின் சொந்தம் கிடையாது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். அந்தக் குத்தகை 2045 வரை. காணி அரசினுடையது. நான்கு ஏக்கரை விடுவித்துத் தரும்படி அரசைக் கேட்க வழி இருக்கிறது. பெருந்தோட்டப் பகுதியில் புதிய கிராமங்களை அமைப்பதற்கென்றே 2018இல் ஒரு அதிகாரசபையைச் சட்டம் போட்டு உண்டாக்கியும் இருக்கிறார்கள். நல்ல காணியைக் கேட்க நாம் கூச்சப்படத் தேவையில்லை. அந்தத் தேயிலையை நட்டதும் நம் தாத்தா பாட்டிமார்தான்.

இரண்டாவது குறை, வேலைத்தலம் தூரம். இப்போது லயத்திலிருந்து பத்து நிமிடத்தில் மலைக்குப் போகிற பெண்கள், ரோட்டோரத்திலிருந்து முப்பது, நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது. இதை ஆண்கள் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை. பீலியடியில் நின்ற பெண்கள்தான் சொன்னார்கள். ஆகவே பிள்ளைக் காம்பரா மலைக்குப் பக்கத்தில், இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும், காலையில் ஆட்களை ஏற்றிப் போக லொறி வேண்டும் என்றும் நிபந்தனையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது கோயில். கோயிலைப் பெயர்க்க முடியாது, பெயர்க்கவும் வேண்டாம். தேர் வருகிற பாதையை மட்டும் ரோடு வரைக்கும் நீட்டினால் போதும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தும் ரோட்டோர மலை ஏன் நல்லது என்கிறேன்? ஒன்று, மண். அது ஒரு முதுகு மாதிரி வெளியே நீண்டு வருகிற மலை. மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடிவிடும், மேலே இருந்து மண் வந்து விழப் பெரிய மலை எதுவும் தலைக்கு மேல் இல்லை. இரண்டு, சரிவு. ஒரு வீட்டையும் அதன் பின்முற்றத்தையும் சேர்த்து 25 அடி ஆழம் என்று வையுங்கள். இரண்டடிக்கு ஓரடி இறங்குகிற மலையில் அந்த 25 அடிக்குள் பன்னிரண்டரை அடி வித்தியாசம் வரும். பின்பக்கம் ஆறடி வெட்டி, முன்பக்கம் ஆறடி நிரப்ப வேண்டும். வீட்டின் பாதி வெட்டிய மண்ணில், பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கொட்டிய மண் அமரும்போது வீடு நடுவில் வெடிக்கும். அதைத் தடுக்கக் கல்கட்டு கட்டப் போனால் வீட்டுக் காசு கல்கட்டுக்குப் போய்விடும். ரோட்டோர மலை ஐந்தடிக்கு ஓரடிதான் இறங்குகிறது. அதே 25 அடிக்கு ஐந்தடி வித்தியாசம். இரண்டரை அடி வெட்டு, இரண்டரை அடி நிரப்பு. அதைச் சமாளிக்கலாம்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிது. லயத்தை மலைக்குப் பக்கத்தில் வைத்தவர்கள், அங்கே பிறக்கிற ஒவ்வொருவரும் மலைக்கே போவார்கள் என்று நினைத்தார்கள். இன்று 64 வீட்டில் கொழுந்து எடுக்கப் போகிறவர் ஒருவராவது இருக்கிற வீடு 31. மற்ற வீடுகளில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், கார்மெண்ட்ஸ் போகிற பெண், பதுளையில் ஏ.எல். படிக்கிற பிள்ளை, ஆட்டோ ஓட்டுகிறவர். இவர்களுக்கு வேண்டியது பஸ் ரோடு. அதோடு முகவரியும். தோட்ட ஆபீஸ் வழியாகச் சுற்றி வந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கையில் கிடைத்த கடிதங்களின் கதை எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. எனக்கும் ஒன்று உண்டு. ரோட்டோரத்தில், வீட்டு இலக்கம் போட்ட கதவுக்குத் தபால்காரர் நேராக வருவார்.

தண்ணீர்தான் ரோட்டோர மலையில் இன்னும் தீராத கேள்வி. அங்கே ஊற்று இல்லை. லயத்து ஊற்று அதற்கு 60 மீட்டர் மேலே, 1.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குழாய் போட்டால் மோட்டார் இல்லாமலே இறங்கி வரும். நடுவில் ஒரு தாங்கி வைத்து அழுத்தத்தை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே குழாய் வெடிக்கும். ஆனால் தண்ணீர் போதுமா? 10 லீட்டர் வாளியை வைத்துப் பிடித்தேன். மார்ச் நடுவில் வாளி நிரம்ப 40 செக்கன். நாளுக்கு 21,600 லீட்டர். ஏறக்குறைய 290 பேருக்கு ஆளுக்கு 80 லீட்டர் என்றாலே 23,000 லீட்டர் வேண்டும். சற்றுத்தான் குறைகிறது, கூரைத் தண்ணீரைப் பிடித்தால் ஈடுகட்டலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் நிஜமான வறட்சி கச்சான் என்கிற காய்ந்த காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில்தான். அப்போது அதே வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆனால் 14,400 லீட்டர்தான் மிஞ்சும், இரண்டாவது ஊற்று தேட வேண்டிவரும். ஆகவே ஆவணியில் மறுபடியும் அளக்காமல் குழாய்க்குக் காசு ஒதுக்கக் கூடாது.

கம்பனி ரோட்டோர மலையைக் கடைசி வரை தரவில்லை என்றால் என்ன செய்வது? இதற்குப் பதில் சொல்லாமல் ஓட முடியாது. கூட்டம் முடிந்து வரும்போது கடைசி லயத்து அம்மாயி என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, எனக்கு எழுபத்திரெண்டு வயசு. நல்ல எடத்துக்குக் காத்திருன்னு சொல்றீங்க. நான் எங்க ராசா காத்திருக்கிறது?" மீரியபெத்தை சனம் மாகல்தெனியாவில் புது வீட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது, அதுவும் நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

அதனால் 64க்கும் ஒன்றாகக் கேட்டு எல்லாரும் ஒன்றாகக் காத்திருப்பதை விட, கடைசி லயத்துப் பன்னிரண்டு குடும்பத்தை முதலில் எழுப்புவோம். பன்னிரண்டுக்கு 84 பேர்ச்சஸ், ரோடும் கானும் சேர்த்தாலும் ஒரு ஏக்கருக்குள் முடியும். ரோட்டோர மலையில் கீழ் மூலையில் ஒரு ஏக்கரை இப்போதே விடுவிக்கச் சொல்வது, நான்கு ஏக்கர் கேட்பதைப் போலக் கம்பனிக்குக் கசக்காது. முதல் பன்னிரண்டு வீடு நின்று, அதற்குக் குழாயும் ரோடும் வந்துவிட்டால், மீதி மூன்று ஏக்கரைப் பக்கத்திலேயே கேட்பது எளிது. அதுவும் நடக்காவிட்டால் லயத்தடியின் பாதுகாப்பான கீழ்ப்பக்கத்தில் 24 வீடு கட்டிக்கொண்டு மீதிக்குப் போராடலாம். பதினோராம் நம்பரை மட்டும், சும்மா கொடுத்தாலும், கான் அறுந்த காரணத்தை ஒருவர் எழுத்தில் தரும் வரை வாங்கக் கூடாது.

வீடு வரும் வரைக்கும் ஒரு மழைமானியை லயத்தடியில் வைக்க வேண்டும். தோட்ட ஆபீசில் தினமும் மழை அளந்து எழுதுகிறார்கள், ஆனால் அந்தக் கணக்கு லயத்துக்கு வருவதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக வேண்டும், 150 தாண்டினால் கேட்காமல் எழும்பிப் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். இரவில் அளந்து பார்த்துச் சத்தம் போட மூன்று பொடியன்மார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இந்த எழுத்தோடு கடைசி லயத்துப் பன்னிரண்டு குடும்பத்தின் பெயர்ப் பட்டியலையும் கொண்டு போகிறேன். அதில் முதல் பெயர் அம்மாயியுடையது.